பாஸ்போர்ட்டில் அப்பா பெயரா, கணவர் பெயரா?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று கிவன் நேம், இன்னொன்று சர்நேம். பரம்பரையாகக் குடும்பப் பெயர் வைத்திருப்பவர்கள் அதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். நம்மிடம் இருப்பதோ பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும்தான். அந்த எழுத்தை அப்படியே போட விண்ணப்பம் விடாது, இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுதச் சொல்லும். ஆண்களுக்கு அதிலும் சிக்கல் இல்லை, அப்பா பெயரை எழுதினால் முடிந்தது. கல்யாணமான பெண்ணுக்குத்தான் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது.

என் கதையும் அதுதான். பள்ளிக்கூடம் முதல் கல்லூரி வரை நான் எஸ். மீனாட்சி. எஸ் என்றால் சுப்பையா, என் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் ஊரில் எடுத்த வாக்காளர் அட்டையில் கணவர் இளங்கோவின் பெயர் ஏறியது. அங்கே மருத்துவமனைச் சீட்டிலும் அழைப்பிதழ் உறைகளிலும் நான் இ. மீனாட்சி ஆகிவிட்டேன். இரண்டு பெயரும் என்னுடையவைதான். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

முதல் பாஸ்போர்ட்டை நான் எடுத்தது 2017இல். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, பின்னாலேயே நானும் போக வேண்டிய நேரம். அதற்கப்புறம் நாத்தனாருக்கு, அம்மாவுக்கு, மகளுக்கு என்று வீட்டில் வரிசையாக எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன். இப்போதும் சொந்தத்தில் யாருக்காவது கல்யாணமானால் சில மாதங்களில் இந்தக் கேள்வியோடு ஒரு போன் வரும். அப்பா பெயரா, கணவர் பெயரா என்று அவர்கள் கேட்பதற்குள் நான் ஒன்று கேட்டுவிடுவேன்: உங்கள் சான்றிதழ்கள் எல்லாம் எந்தப் பெயரில் இருக்கின்றன? அதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எனக்கு அந்தத் தெளிவு கிடைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் உறுதியாகப் பேசினார்கள். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர், "கல்யாணம் ஆனவங்களுக்கு வீட்டுக்காரர் பேருதாம்மா சர்நேம். இல்லைன்னா விசாவுல நிறுத்திடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இளங்கோ என்று டைப் செய்துவிட்டார். நான் அழிக்கச் சொல்லி, யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தேன். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இதில் சட்டமெல்லாம் பொருட்டில்லை. "எங்க வீட்டுக்கு வந்த பொண்ணு. எம்புள்ளை பேரு இருக்கிறதுதானேம்மா முறை?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உரிமையோடு கேட்டார். அதனாலேயே எனக்குப் பதில் சொல்வது கடினமாக இருந்தது.

கணவர்தான் ஒரு வழி சொன்னார். "உன் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் எடு. ஒண்ணு விடாம பார்த்துட்டு முடிவு பண்ணலாம்." அன்று ராத்திரி எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ, டிசி, பி.எஸ்சி., பி.எட்., சாதிச் சான்றிதழ், பான் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாமே எஸ். மீனாட்சி அல்லது மீனாட்சி எஸ். கணவர் பெயரோடு சேர்ந்தது வாக்காளர் அட்டை ஒன்றுதான். ஒரு பக்கம் பெரிய குவியல், இன்னொரு பக்கம் ஒற்றை அட்டை. பார்த்த உடனேயே விடை தெரிந்துவிட்டது.

அப்படிப் பார்க்கும்போது மூன்று ஆவணங்கள் எல்லோரையும் ஏமாற்றும். முதலாவது ஆதார். கல்யாணத்துக்குப் பிறகு முகவரி மாற்றினால் முகவரிக்கு முன்னால் கணவர் பெயர் அச்சாகும். 'ஆதாரிலேயே கணவர் பெயர் வந்துடுச்சே, என் பெயர் மாறிடுச்சு' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது முகவரியின் ஒரு பகுதி, அவ்வளவுதான். உங்கள் பெயர் அதற்கு மேலே தனி வரியில் பழையபடியே இருக்கும். இரண்டாவது பான் கார்டு. கல்யாணமான பெண்களும் பான் விண்ணப்பத்தில் அப்பா பெயரைத்தான் தர வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது. கணவர் பெயருக்கென்று அந்த அட்டையில் தனி வரியே கிடையாது. மூன்றாவது திருமணப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் பதிவு செய்வதால் யாருடைய பெயரும் மாறுவதில்லை. மணப்பெண்ணின் பெயர் கல்யாணத்துக்கு முன் இருந்தபடி, அவள் அப்பா பெயரோடுதான் அதில் இருக்கும்.

இந்த மூன்றாவது விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கணவரோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழ விசா கேட்கும்போது கணவன் மனைவி என்பதற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் கேட்பது திருமணச் சான்றிதழைத்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் அந்தச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். கணவர் பெயருக்கு மாறியிருந்தால் அதே சான்றிதழை வைத்துக்கொண்டு, இவள்தான் அவள் என்று காட்ட வேண்டியிருக்கும். அதாவது, விசாவில் நிறுத்திவிடுவார்கள் என்று பிரவுசிங் சென்டர்காரர் பயமுறுத்தியது தலைகீழ். எனக்குச் சிங்கப்பூர் டிபென்டன்ட் பாஸ் அப்பா பெயரோடுதான் கிடைத்தது. என் பெயரையும் கணவர் பெயரையும் பக்கத்தில் வைத்து யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

விதி என்ன சொல்கிறது என்று பார்த்தால், கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளை நன்றாகவே தளர்த்தியது. கல்யாணமானவர்கள் திருமணச் சான்றிதழ் கட்டாயம் இணைக்க வேண்டும் என்ற நிலை போனது. விவாகரத்து ஆனவர்கள் முன்னாள் துணையின் பெயரைத் தர வேண்டியதில்லை என்றும், அப்பா அல்லது அம்மா ஒருவர் பெயரைக் கொடுத்தாலே போதும் என்றும் வந்தது. 15 இணைப்புப் படிவங்கள் 9 ஆகக் குறைந்தன. அடுத்த ஏப்ரலில், கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்று பிரதமர் பேசியது செய்திகளில் வந்தது. அத்தை அதை டிவியில் பார்த்தார். நான் எடுத்துச் சொன்ன எல்லாவற்றையும்விட அந்தச் செய்திக்குத்தான் வீட்டில் மதிப்பு இருந்தது.

அத்தையை முழுதாகச் சமாதானப்படுத்தியது வேறொன்று. கணவருடைய பாஸ்போர்ட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அப்பா பெயருக்கு ஒரு வரி, அம்மா பெயருக்கு ஒரு வரி, துணைவர் பெயருக்கு ஒரு வரி. "இதோ பாருங்க அத்தை, என்னோட புத்தகத்துல இந்த இடத்துல உங்க பிள்ளை பேரு வரும். அவரோட புத்தகத்துலயும் என் பேரைச் சேர்க்கணும், அது இன்னும் காலியா இருக்கு" என்றேன். அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தக் காலி வரியைப் பார்த்தார். "அப்ப முதல்ல அவனை மாத்தச் சொல்லு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஆண்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கும்போது மனைவி பெயரைச் சேர்க்கும் வசதி அவர்களுக்கும் உண்டு. திருமணச் சான்றிதழ் கையில் இல்லாதவர்கள், இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படத்தை ஒட்டி, இருவரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியைக் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் இயந்திரம் படிப்பது புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளை மட்டும்தான். வரிக்கு 44 எழுத்து, இடையில் கூர்முனைக் குறிகள். அதில் முதலில் சர்நேம், அடுத்து கிவன் நேம். துணைவர் பெயர் அங்கே வராது. ஆகவே டிக்கெட்டில், விசாவில், ஹோட்டல் பதிவில் எல்லாம் நீங்கள் அந்த இரண்டு வரியில் இருக்கும் ஆள்தான். சிங்கப்பூரில் என்னை மிஸஸ் சுப்பையா என்று கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று தோன்றும், அப்புறம் பழகிவிட்டது.

இனி சொல்லப்போவது தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல். கணவர் பெயரைச் சர்நேமாகப் போடுவதற்குப் பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம், குடும்பம் முழுவதும் ஒரே பெயரில் இருக்கும் என்பது. நம் விஷயத்தில் அது நடக்காது. என் கணவர் பாஸ்போர்ட்டில் இளங்கோ வேலுச்சாமி. வேலுச்சாமி என் மாமனார். நான் கணவர் பெயரை எடுத்திருந்தால் மீனாட்சி இளங்கோ ஆகியிருப்பேன். அப்போதும் அவருக்குச் சர்நேம் வேலுச்சாமி, எனக்கு இளங்கோ. ஆகக் கணவனும் மனைவியும் ஒரே சர்நேமில் வரவே மாட்டோம். மகள் நிலா இளங்கோ. நான் கணவர் பெயரை எடுத்திருந்தால் மகளோடு மட்டும் ஒத்துப்போயிருப்பேன். எடுக்காததால் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று சர்நேம்.

இதனால் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மகளைத் தனியாக அழைத்துக்கொண்டு பயணம் போகும்போது குடியேற்ற அதிகாரி ஒருவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "குழந்தை உங்களுடையதா?" என்று கேட்டார். மகளின் பிறப்புச் சான்றிதழ் நகலை எடுத்து நீட்டினேன். அதில் அம்மா பெயர் என் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்திவிட்டார். அன்று முதல் அந்த நகல் என் கைப்பையில்தான் இருக்கிறது. குழந்தையோடு தனியாக அடிக்கடி பயணம் செய்ய வேண்டியவர்களுக்கு, குழந்தையின் சர்நேமும் தன்னுடையதும் ஒன்றாக இருப்பது ஒரு வசதிதான். கணவர் பெயரை எடுப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் நியாயமான காரணங்களில் அது ஒன்று.

குழந்தை பிறக்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் இருக்கிறது. பிரசவத்துக்குச் சேரும்போது மருத்துவமனையில் நம் பெயரைக் கேட்டுக்கூட எழுத மாட்டார்கள், கணவர் பெயரின் முதல் எழுத்தைத் தாங்களாகவே முன்னால் போட்டுவிடுவார்கள். அந்தப் பதிவேட்டிலிருந்துதான் பிறப்புப் பதிவுக்கு விவரம் போகிறது. அப்படியே விட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அம்மா இ. மீனாட்சி, அம்மாவின் பாஸ்போர்ட்டில் மீனாட்சி சுப்பையா. குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் இந்த வித்தியாசம் முன்னால் வந்து நிற்கும். எனக்கு ஏழாம் மாதத்திலேயே என் பாஸ்போர்ட் நகலை மருத்துவமனைப் பதிவில் கொடுத்து, இதில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்று கணவர் சொல்லிவிட்டார். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். குழந்தையின் பெயருக்குத்தான் அந்த அவகாசம். பெற்றோர் பெயரில் பிழை வந்தால் அதைத் திருத்த வேறு அலைச்சல். 2023 அக்டோபர் 1ஆம் தேதியும் அதன் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் ஏற்கிறார்கள். ஆகவே அந்தக் காகிதத்தில் உங்கள் பெயர் சரியாக இருப்பது முன்னைவிட இப்போது இன்னும் முக்கியம்.

நாத்தனார் விஷயம் வேறு மாதிரி. அவள் கல்லூரிப் படிப்பின்போதே அப்பா பெயரில் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். கல்யாணமானதும் கணவர் பெயருக்கு மாற ஆசைப்பட்டாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை, அவளுக்கே பிடித்திருந்தது. அப்படி ஒரு பெண் விரும்பினால் அதை யாரும் தடுக்கக் கூடாது, பழைய காலத்து ஆள் என்று பேசவும் கூடாது. நான் அவளிடம் சொன்னது வரிசையைப் பற்றி மட்டும்தான். பலர் பாஸ்போர்ட்டை முதலில் மாற்றிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அப்போது பாஸ்போர்ட் ஒரு பெயர், ஆதார் ஒரு பெயர், சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கு ஒரு பெயர் என்று ஆகிவிடும்.

அவளுக்கு முதலில் திருமணப் பதிவை முடித்தோம். அந்தச் சான்றிதழை வைத்து ஆதாரில் பெயரை மாற்றினோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் ஸ்பெல்லிங்கை உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுத்தான் போனோம். ஆங்கிலத்தில் எழுதும்போது கணவர் பெயரில் 'எச்' வருமா வராதா என்பதைக் கணவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தே எடுத்தோம், பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து எழுதவில்லை. அப்புறம் பான். ஆதாரும் பானும் பெயரில் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் இணைக்க முடியாது. அதன் பின் வங்கி, பி.எஃப். கணக்கு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பாஸ்போர்ட்டுக்கு வந்தோம்.

பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றம் என்றால் பழைய புத்தகத்தில் அடித்துத் திருத்தித் தர மாட்டார்கள். மறுவெளியீடு என்ற பிரிவில், ஏற்கெனவே உள்ள தனிப்பட்ட விவரங்களில் மாற்றம் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. புதிதாக எடுப்பவர்களுக்கும் இதே கட்டணம்தான். பழைய புத்தகத்தில் ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய பெயரில் வாங்கிய விசா இன்னும் காலாவதியாகாமல் இருந்தால், அந்த நாட்டுத் தூதரகத்தின் நிலைப்பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பெயர் மாற்றத்தில் கைவைக்க வேண்டாம். நாத்தனாருக்கு அப்படி விசா எதுவும் இல்லாததால் அது எளிதாக முடிந்தது.

எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் ஒன்று மாறாது, அது கல்விச் சான்றிதழ். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை பழைய பெயர் பழைய பெயர்தான். நாத்தனார் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது ஒவ்வொரு இடத்திலும் திருமணச் சான்றிதழையும், பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழியையும் இணைத்தாள். வேலை நடந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் செய்ய வேண்டியிருந்தது. படித்த பெண்கள், வெளிநாட்டில் தன் பெயரிலேயே வேலை தேடப்போகிறவர்கள், ஆசிரியை, நர்ஸ் போன்று தொழிலுக்கே சான்றிதழ் கேட்கும் வேலையில் இருப்பவர்கள் அப்பா பெயரிலேயே இருந்துவிடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, இந்திய அரசிடம் தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்கத் தேவைப்படாத பாஸ்போர்ட் வேண்டும் என்றால், அதற்கு வழக்கமாகக் காட்டுவதும் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான். அங்கேயும் பெயர் ஒத்துப்போனால் பேச்சு குறையும்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது இதே கேள்விக்கு நேர்எதிரான விடை கிடைத்தது. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. பள்ளிச் சான்றிதழ் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தாத்தா பெயரோடு அம்மாவின் பெயர் இருக்கும் ஒரு காகிதம்கூட வீட்டில் இல்லை. அப்பா இறந்த பிறகு வரும் குடும்ப ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, வீட்டுப் பட்டா, ஆதார் எல்லாமே அப்பா பெயரின் இனிஷியலோடுதான். அம்மாவைப் பொறுத்தவரை அவர் நாற்பது வருஷமாக எஸ் என்ற எழுத்தோடுதான் வாழ்ந்திருக்கிறார். பிறந்த வீட்டுப் பெயர்தான் பெண்ணுக்குச் சரி என்று நான் கொள்கை பேசியிருந்தால், இல்லாத காகிதங்களைத் தேடி அந்த வயதில் அவரை அலைய விட்டிருப்பேன். அம்மாவுக்குச் சர்நேம் சுப்பையா. என் பாஸ்போர்ட்டிலும் அதுவேதான். எனக்கு அது அப்பா பெயர், அவருக்குக் கணவர் பெயர்.

அம்மா விஷயத்தில் வந்த ஒரே தடை ஸ்பெல்லிங். ஓய்வூதியப் புத்தகத்தில் அப்பா பெயருக்கு ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' கூடுதலாக இருந்தது, ஆதாரில் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு ஆட்கள். ஆதாரில் உள்ளபடி விண்ணப்பித்து, ஓய்வூதியப் புத்தகத்தை ஆவணமாகக் காட்டாமல் வங்கிப் புத்தகத்தைக் காட்டினோம். உங்கள் ஆவணங்களில் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் ஆவண ஆலோசகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் நிலையைச் சொன்னால் எந்தெந்த ஆவணம் வேண்டும் என்று பட்டியல் தரும். அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் ஒரே மாதிரி எழுதியிருப்பவற்றை மட்டும் எடுத்துப் போங்கள்.

சிலர் இந்தச் சண்டையே வேண்டாம் என்று சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, வெறும் மீனாட்சி என்று எடுத்துவிடுகிறார்கள். விண்ணப்பம் அதை அனுமதிக்கும். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகத் தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் சர்நேம் காலியாக இருந்தால் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் 'பெயர் தெரியாது' என்பதற்கான எஃப் என் யூ என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். அங்கே போய் எடுக்கும் அடையாள அட்டைகளிலும் அது தொடரலாம். அப்பா பெயரோ கணவர் பெயரோ, ஏதோ ஒன்றைப் போட்டுவிடுங்கள். காலியாக விடாதீர்கள்.

கணவர் பெயருக்கு மாறலாமா என்று யோசிக்கும் இளம்பெண்களிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் இதைப் பேசுவது நல்ல சகுனம் இல்லை என்று பெரியவர்கள் வாயை அடைப்பார்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கணவர் பெயருக்குப் போவது எளிது, திரும்பி வருவது அவ்வளவு எளிதில்லை. பெண்கள் கல்யாணத்துக்கு முந்தைய பெயருக்குத் திரும்ப வேண்டுமானால் விவாகரத்துத் தீர்ப்பு நகலோ கணவரின் தடையில்லாச் சான்றோ வேண்டும் என்று அரசிதழ்ப் பெயர் மாற்றம் குறித்த மத்திய அரசின் அறிவிப்பு ஒன்று சொன்னது. அதை எதிர்த்து ஒரு பெண் 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. என் தோழி ஒருத்தி, தீர்ப்பு கைக்கு வரும் வரை, தான் பிரிந்து வந்தவரின் பெயரையே ஒவ்வொரு விமானப் பயணத்திலும் தன் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பட்ட வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. தெரிந்து முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எந்தப் பெயராக இருந்தாலும் முடிவெடுத்த பிறகு விண்ணப்பத்தில் உண்மையை முழுதாக எழுதிவிடுங்கள். வேறு பெயர்களால் அறியப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். கல்யாணமான பெண்கள் பெரும்பாலும் இல்லை என்று டிக் செய்துவிடுகிறார்கள். வாக்காளர் அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கிறது என்றால் ஆம் என்று போட்டு அந்தப் பெயரையும் எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன். சேவை மையத்தில் இரண்டாவது கவுன்டரில் இருந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இது கல்யாணத்துக்கப்புறம் வந்த பேராம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிசியில் அப்பா பெயர் முழுதாக இருந்ததைப் பார்த்து இனிஷியல் விரிவைச் சரிபார்த்துக்கொண்டார். நாங்களே எழுதிக் கொடுத்திருந்ததால் அதற்கு மேல் கேள்வி வரவில்லை. டிசியின் அசல் உங்களிடம் இல்லாமல் கல்லூரியிலோ அலுவலகத்திலோ இருந்தால் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியலை விரிக்க நம்மிடம் இருக்கும் நல்ல சான்று அதுதான்.

சேவை மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்கள். டோக்கன் வாங்கி உள்ளே போனதும் ஏ கவுன்டரில் புகைப்படம், கைரேகை எடுத்து விவரங்களைப் பதிவு செய்வார்கள். அங்கே உங்கள் பக்கமாக ஒரு திரை இருக்கும். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் அந்தத் திரையை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். கிவன் நேமும் சர்நேமும் இடம் மாறியிருக்கிறதா, அப்பா பெயர் இரண்டு சொல்லாகப் பிரிந்திருக்கிறதா, துணைவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பி கவுன்டரில் ஆவணங்களைச் சரிபார்த்து, சி கவுன்டரில் ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள். நாத்தனாரின் கணவர் பெயர் 'செந்தில் குமார்' என்று இடைவெளியோடு பதிவாகியிருந்ததை அவள் ஏ கவுன்டரிலேயே பார்த்துச் சொன்னாள். அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே உடனே சேர்த்துக் கொடுத்துவிட்டார்.